கல்வெட்டுகளின் மேல் ஒரு மடிக்கணினி

என் வலக்கைப் பெருவிரல் ஒரு புதன்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினேன். கோப்பை மேலே வந்தது. கை வந்ததாகத் தெரியவில்லை. பெருவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் பஞ்சுக்குள் பொதிந்து வைத்தவை போலக் கிடந்தன. கோப்பை நான் உடுத்திருந்த சாரத்தில் கவிழ்ந்து, பிறகு நிலத்தில் உடைந்தது.

"பிடிக்க ஏலாட்டி ஏலாது எண்டு வாயாலை சொல்லுங்கோ" என்றாள் மனைவி. "கொட்டித்தான் சொல்லவேணுமே?"

"விரல் விறைச்சுப் போச்சப்பா."

"விரல்தானே? மிச்சமெல்லாம் விறைச்சுக் கனகாலம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை விளக்க, நான் என்ன தொழில் செய்கிறேன், அதை எந்தக் கோலத்தில் செய்தேன் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொல்ல வெட்கமில்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் கல்வெட்டு அடிப்பவன். உளியும் கையுமாக என்னைக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறிய புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, யார் யாருக்குப் பிள்ளை என்ற வம்ச விளக்கம், கடைசியில் நன்றி. அட்டையில் நினைவு மலர் என்று போட்டிருந்தாலும் ஊர்வாயில் அது கல்வெட்டுத்தான். அதை மடிக்கணினியில் தட்டிப் படங்களைச் செருகி, பக்கம் பிரித்து, யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை. படலையைத் திறந்துகொண்டு யாராவது சிரித்த முகத்தோடு வந்தால் அவர் மின்மானி பார்க்க வந்தவராகத்தான் இருப்பார். தெருவில் என்னைக் கண்டால் வயதானவர்களின் சைக்கிள் கொஞ்சம் வேகம் எடுக்கும்.

இனி அந்தக் கோலம். மடிக்கணினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆகவே மடியில்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் மடி இருக்க வேண்டிய இடத்தை வயிறு முன்கூட்டியே பிடித்துவிட்டது. அதனால் சாய்மனைக் கதிரையில் மல்லாந்து, இரண்டு கால்களையும் கதிரையின் நீண்ட கைகளில் தூக்கிப் போட்டு, வயிற்றின் மேல் ஒரு தலையணை, தலையணையின் மேல் கணினி. கழுத்து மடங்கி நாடி நெஞ்சில் முட்டும். மணிக்கட்டுகள் கணினியின் விளிம்பில் மடங்கித் தொங்கும். தலையணை காற்று போகிற துளைகளை அடைத்துவிடுவதால் கணினி இரைந்து இரைந்து சூடாகும். மாரி காலத்தில் அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

அந்தக் கணினி மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உடம்பு முழுக்க உலோகம். அதன் மின்வயருக்கு இரண்டு முள். எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை. இரண்டு முள்ளைச் செருகுவதற்கு மேல் ஓட்டைக்குள் எதையாவது குத்தி வழி திறக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்துக் குத்தினேன். அன்றிலிருந்து கணினியில் கை வைக்கும்போதெல்லாம் எறும்பு ஊர்வது போல ஒரு மெல்லிய கரண்ட் ஊரும். பல வருடமாக ஊர்ந்தது. அதனால்தான் விரல்கள் அவ்வப்போது லேசாக விறைக்கத் தொடங்கியபோது, அது ஊர்கிற கரண்ட் சேர்ந்து செய்கிற சேட்டை என்று நினைத்து நான்கு மாதம் சும்மா இருந்தேன். இதையும் எழுதுகிறேன், பாருங்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அந்தப் புதன்கிழமை கதிரைக்குப் பக்கத்தில் தரையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற ஓர் அப்பியாசக் கொப்பி கிடந்தது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்காவின் கொப்பி. அவருடைய கணவர் எங்கள் பக்கத்து பஸ்களில் முப்பது வருடம் கொண்டக்டராக இருந்தவர். தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அவர் கையால் ரிக்கற் வாங்காதவர் எங்கள் ஊரில் இல்லை. வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடம் ஆகவில்லை, ஒரு காலை முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தவர் எழும்பவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்கா, தானே எழுதிய அந்தக் கொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதை ஒருத்தருக்கும் காட்டாதையும். நீர் மட்டும் வாசிச்சு அடியும்."

"அடிச்சாப் பிறகு ஊரே வாசிக்கும் அக்கா. பிறகென்ன ஒளிப்பு?"

"கையெழுத்திலை இருந்தா பிழை பிடிப்பினம். அச்சிலை வந்தா ஆர் பிழை பிடிக்கிறது?"

கல்வெட்டுகளில் மனைவிக்கு என்று ஒரு பக்கம் உண்டு. அதில் கணவனை இழந்தவள் பாடுவதாக ஒரு ஒப்பாரிப் பாட்டு வரும். அதை எந்த மனைவியும் எழுதுவதில்லை. நான்தான் எழுதுவேன். உண்மையைச் சொன்னால், ஒருமுறை எழுதினேன். பிறகு பெயரை மாற்றி மாற்றி அடித்தேன். ஒரு தடவை பெயரை மாற்றவும் மறந்துவிட்டேன். அந்தக் குடும்பத்தார் இப்போதும் என்னோடு பேசுவதில்லை. அக்காவிடமும் அந்தப் பாட்டைப் போட்டுவிடலாமே என்று ஒரு சொல் சொல்லிப் பார்த்தேன்.

"உம்மட பாட்டு எனக்கு வேண்டாம். அது என்ர மச்சாளின்ர மனிசனுக்கும் வந்தது. சந்திக் கடைக்காரருக்கும் வந்தது. ஒரே பாட்டுக்கு எத்தினை பேர் சாகிறது?"

கொப்பியை வாங்கி வைத்தேன். ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும் அது தரையில் கிடந்தது. நான் முதலில் வம்ச விளக்கத்தை அடித்தேன். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எழுதித் தந்த வாழ்க்கை வரலாற்றை அடித்தேன். அதில் எங்கள் கொண்டக்டர் 'பொதுப் போக்குவரத்துத் துறையின் அணையா விளக்கு' என்று வந்தார். அக்காவின் முறை வந்த அன்றுதான் பெருவிரல் போனது.

செய்தி கடல் கடந்து போக எவ்வளவு நேரம் வேண்டும்? அன்று மத்தியானமே அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து குரல்பதிவு அனுப்பினான். "மாமா, உங்களுக்குக் கை சுகமில்லையாம். கஷ்டப்படாதையுங்கோ. அம்மான்ர கொப்பியை விடுங்கோ. அதிபர் எழுதினது காணும், அதோடை முடியுங்கோ. அம்மாக்கு நான் பக்குவமாச் சொல்லுறன்."

நல்ல பிள்ளை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டபோது, அந்தப் புத்தகத்தில் கட்டிய மனைவிக்கு ஒரு வரியும் இல்லாமல் போவதற்கு என் மூன்று விரல்கள் காரணமாகப் போகின்றன என்பது எனக்கு உறைத்தது. விறைத்த விரலில் உறைக்கவில்லை, வேறெங்கோ உறைத்தது. வேறு யாரிடமும் கொடுக்கவும் முடியாது. கையெழுத்தைக் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அச்சகத்துக்கு எல்லாம் போக இன்னும் ஒன்பது நாள்.

மனைவி என்னை ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டுப் பிசியோதெரபி செய்கிற பிள்ளையிடம் அனுப்பினார். மெலிந்த, அவசரமில்லாத பிள்ளை. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எப்பிடி இருந்து வேலை செய்யிறனீங்கள் அண்ணை? ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றாள்.

செய்து காட்டினேன். அங்கிருந்த நீள வாங்கில் மல்லாந்து, கால்களைத் தூக்கி ஆளுக்கொரு திசையில் போட்டு, கிளினிக் கொப்பியை வயிற்றின் மேல் விரித்து, நாடியை நெஞ்சில் பதித்து, தட்டத் தொடங்கினேன். முறைக்குக் காத்திருந்த பத்துப் பேர் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஆளுக்கு என்ன, வலிப்போ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இல்லை ஐயா, உத்தியோகம்" என்றாள் மனைவி.

பிள்ளை சிரிக்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. "இப்பிடி எவ்வளவு நேரம்?"

"ஆறு, ஏழு மணித்தியாலம்."

"இடையிலை எழும்ப மாட்டீங்களோ?"

"சாப்பாடு இருக்கிற இடத்துக்கு வரும்."

"வராட்டிக் கத்துவார்" என்றாள் மனைவி.

பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிக் காட்டினாள். "விரலுக்குப் போற நரம்பு இதுக்குள்ளாலைதான் போகுது. ஒடுக்கமான வழி. பண்ணைப் பாலத்தை மறிச்சா தீவுக்கு என்ன வரும்? ஒண்டும் வராது. நீங்கள் மணிக்கட்டை மடக்கி, அதை விளிம்பிலையும் வைச்சு அமத்தினா விரலுக்கும் அப்பிடித்தான்."

அதுவரை இது பாரிசவாதம், ஒரு பக்கம் விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தவன் நான். எனக்கான வம்ச விளக்கத்தைக்கூட மனதில் அடித்து முடித்திருந்தேன். பாலம் மறித்ததுதான் என்றதும் உயிர் வந்தது. கரண்ட் ஊர்கிற கதையையும் அவளிடம் சொன்னேன்.

இந்த முறை அவள் முகம் மாறியது. "கரண்ட் வாற சாமானை வயித்திலை வைச்சிருக்கிறியளோ?"

"அடிக்கிறேல்லைப் பிள்ளை. ஊருறது மட்டுந்தான்."

"மூண்டு முள்ளு வயர் வாங்கிப் போடுங்கோ அண்ணை, சுவரிலை இருக்கிற எர்த் சரியோ எண்டும் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கோ. ஈர்க்கை விளக்குமாத்துக்கே திருப்பிக் குடுங்கோ."

பிறகு வரிசையாகச் சொன்னாள். மேசையில் வைத்து, முதுகுக்குச் சாய்வுள்ள கதிரையில் இருந்து வேலை செய்ய வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே வரவேண்டும். அதற்குக் கணினியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அதன் விசைகளில் தட்ட முடியாது, ஆகவே தனியாக ஒரு கீபோட். முழங்கை உடம்போடு, மணிக்கட்டு நேராக, பாதம் நிலத்தில் முழுதாக. யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். வயரைச் சுவரோடு கொண்டுபோக வேண்டும். படுக்கும்போது மணிக்கட்டுக்கு ஒரு பட்டி. இரண்டு கிழமைக்குத் தட்டாமல் இருந்தால் நல்லது.

"ஒன்பது நாளிலை கல்வெட்டுக் குடுக்கவேணும் பிள்ளை."

ஆருடைய கல்வெட்டு என்று கேட்டாள். சொன்னேன். அவளும் அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள்தான். "அப்ப இருவது நிமிசம் அடியுங்கோ. பிறகு கட்டாயம் எழும்பவேணும். ஒரு நாளைக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை இல்லை."

"எழும்பி எங்கை போறது?"

"குசினிக்குப் போய் இந்த அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ."

"பிள்ளை," என்றாள் மனைவி, "அதை மட்டும் ஒரு துண்டிலை எழுதித் தாரும்."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவில் போட்டேன். கீபோட்டும் மூன்று முள் வயரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தன. ஒரு வயரிங் ஆளும் வந்து பார்த்து, முற்றத்தில் புதைத்திருந்த எர்த் கம்பி கழன்று கிடந்ததைக் கண்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, பூட்டிவிட்டுப் போனார். எறும்பு நின்றது. ஆனால் கணினியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். எதைக் கொண்டு உயர்த்துவது? செங்கல் மேசையைக் கீறும் என்றாள் மனைவி. பிஸ்கட் தகரம் ஆடியது. அலுமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் அச்சகம் எனக்கென்று தரும் இரண்டு மூன்று கல்வெட்டுப் பிரதிகள், வருடக்கணக்கில் சேர்ந்தவை, தட்டு நிறைய இருந்தன. எல்லாம் ஒரே அளவு. ஒரே தடிப்பு. இரண்டு தூணாக அடுக்கிக் கணினியைத் தூக்கி வைத்தேன். அசையவில்லை. கீழே காற்றும் போனது.

"ஐயோ, செத்த சனத்தை இப்பிடி அடுக்கி வைச்சிருக்கிறியளே!" என்று மனைவி பதறினாள்.

"நான் இவைக்கு எவ்வளவு செய்தனான். இவை எனக்கு இதைச் செய்யக்கூடாதே?"

துணிச்சலாகச் சொல்லிவிட்டேனே தவிர, உட்கார்ந்து நிமிர்ந்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு என் கழுத்து நேராக நின்றது. சுவரில் ஒரு கலண்டர் இருப்பதை அன்றுதான் கண்டேன். அது முந்தின வருடத்துக் கலண்டர்.

முதல் ஏழு நாள் கையை ஆற விட்டேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். கொப்பியைப் பார்க்கக் குனிந்தால் கழுத்து மறுபடி மடங்கும்; அவர் வாசிக்க நான் அடிப்பது என்று ஏற்பாடு. அவர் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து கண்ணாடியைப் போட்டார். கொப்பியைத் திறக்காமல் கணினியின் கீழே உற்றுப் பார்த்தார். இடப்பக்கத் தூணில் ஒரு புத்தகம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பாதி நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"தம்பி, இது எங்கட மாமி எல்லே?"

மாமிதான். அக்காவின் கணவரைப் பெற்ற தாய். அந்தக் கல்வெட்டும் என் கைவேலைதான். நான் அவசரமாகக் கையை நீட்டினேன். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா. இப்பவே எடுக்கிறன். இது சும்மா, உயரத்துக்கு…"

அக்கா அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கட்டும். மனிசி சீவனோடை இருக்கேக்கை எனக்கு ஒரு வாளித் தண்ணி தூக்கித் தரேல்லை. இப்பவாவது எதையாவது தூக்கட்டும்."

குசினிக்குள் மனைவி எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்காவும் சிரித்தார். கணவர் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

வாசிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்கிற பிள்ளையின் குரல் வந்தது. 'என் ஆருயிர்க் கணவர் ஒரு சுடுசொல் அறியாதவர். அவர் எம் இல்லத்தின் கலங்கரை விளக்கம்.' நான் அடித்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, எழும்புவதற்கென்று வைத்திருந்த தொலைபேசி மணி அடித்தது. எழுந்து குசினிக்குப் போய்த் தேநீர் போட்டேன். முதலாவது தேநீரை மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, எழுதித் தந்த துண்டை அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அக்காவும் குசினிக்கு வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொள்வார். அங்கே அவருடைய சொந்தக் குரல் திரும்பி வரும்.

"நித்திரையிலையும் அவருக்கு பஸ்தான்" என்றார் ஒருமுறை. "'உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ' எண்டு என்னைத் தள்ளுவார். நான் சுவரோடை ஒட்டிப் போவன். முப்பது வருசம் சுவரோடைதான் படுத்தனான். இப்ப கட்டில் முழுக்க இடம். ஆனாலும் பாரும், நான் சுவரோடைதான் கிடக்கிறன்."

மனைவி சட்டியைக் கிண்டுவதை நிறுத்தினாள்.

"அக்கா, இதை எழுதுவமே?" என்றேன்.

"சீ! இதை ஆரும் எழுதுவினமே? ஊர் சிரிக்கும்."

மணி அடிக்க அடிக்க எழுந்து, மத்தியானம் தாண்டி, கொப்பியின் பன்னிரண்டு பக்கத்தையும் அடித்து முடித்தோம். விரல் விறைக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போனால் சரி. எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. பிசியோதெரபிப் பிள்ளை சொன்னதை எல்லாம் செய்தவன் அல்லவா நான்!

எல்லாம் என்றால், ஒன்றைத் தவிர. வயர். சுவரில் இருந்து கூடத்தின் நடுவில் இருந்த மேசை வரைக்கும் அது முழங்காலுக்குக் கீழே தொய்ந்து குறுக்கே கிடந்தது. நானும் மனைவியும் வழியில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவது போல யோசிக்காமல் தாண்டிப் பழகிவிட்டோம். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடைசி மணி அடித்ததும், "தேத்தண்ணியை இண்டைக்கு நான் போடுறன், நீர் ஆக்களைக் கொல்லாதையும்" என்று எழுந்தவர் அதில் கால் தடக்கினார்.

நல்ல காலம், நிலையைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. வயர் கழன்றது. பற்றறி செத்துப் பல வருடமான கணினி அது. கரண்ட் போனால் அந்த இடத்திலேயே உயிர் போகும். திரை கறுத்தது.

சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு எந்த விஷயத்திலும் இல்லை. பன்னிரண்டு பக்கமும் போயிற்று.

நான் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது; அட்டையில் போடுகிற படம் போல. மனைவி ஓடிவந்து அக்காவின் காலைத் தடவிப் பார்த்தாள். "நோகுதே அக்கா? இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொன்னனான்!" அவள் சொன்னதே இல்லை, இருந்தாலும் அந்த நேரம் அதை நான் மறுக்கவில்லை. தொலைபேசியில் அக்காவின் மகனுடைய செய்தி வந்து நின்றது: 'மாமா, அம்மான்ர பகுதியை விட்டிட்டியள் தானே?'

"எல்லாம் அழிஞ்சிட்டுது அக்கா" என்றேன். "என்ர பிழை. கொப்பி இருக்கு. திருப்பி வாசியுங்கோ, விடிய விடிய எண்டாலும் அடிக்கிறன்."

அக்கா கதிரையில் வந்து இருந்தார். கொப்பியை எடுத்தார். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கையை முறிக்க வேண்டாம். அழிஞ்சது நல்லதுக்குத்தான் தம்பி. உதுக்குள்ளை கொஞ்சம் பொய் கிடந்தது."

"என்ன பொய்?"

"சுடுசொல் அறியாதவராம். ஆர், அவரோ?" கண்ணாடியைக் கழற்றினார். "முதல்லை உந்த மேசையைச் சுவரோடை தள்ளும். ஆரும் விழுந்து சாகப் போகினம். பிறகு உமக்கு இன்னொரு வேலை வரும்."

மூவருமாக மேசையை யன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு தள்ளினோம். தூண்களை மறுபடி அடுக்கினேன். வயர் சுவரோரமாகப் படுத்துக்கொண்டது. அன்றைக்கான மூன்று மணி நேரத்தில் முக்கால் மணிதான் மிச்சம். கொப்பி இல்லாமல் யோசித்து யோசித்து அடிப்பதென்றால், மறுநாள் காலையையும் சேர்த்து அச்சில் இரண்டு பக்கத்துக்கு மேல் ஏலாது.

"இரண்டு காணும்" என்றார் அக்கா. "நான் கதைக்கிற மாதிரியே அடியும். திருத்தாதையும்."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நிமிர்ந்திருந்து அடித்தேன். 'அவர் ஏசுவார். ஏசிப்போட்டுக் குசினி வாசலிலை வந்து நிப்பார். நான் திரும்பிப் பாக்கிற மட்டும் நிப்பார். ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனா நிக்காமல் போனதும் இல்லை. அவற்ற பஸ்ஸிலை நான் ஏறினா எனக்கும் ரிக்கற் கிழிச்சுத் தருவார். கட்டின பெண்சாதிக்கும் ரிக்கற்றோ எண்டு சனம் சிரிக்கும். அந்த ரிக்கற்றுகளை நான் எறியேல்லை…'

மணி அடித்தது. நிறுத்த மனமில்லை. கை போனால் போகட்டும் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

"மணி அடிச்சிட்டுது, எழும்பும்."

"இந்த ஒரு வரி அக்கா."

"மணி அடிச்சா அடிச்சதுதான். அவர் இருந்தா உம்மைக் கழுத்திலை பிடிச்சு இறக்கியிருப்பார்."

எழுந்தேன். தேநீர் போட்டேன். திரும்பி வந்தபோது அக்கா சுவர்ப்பக்கத்துக் கட்டில் கதையைத் தானாகவே சொல்லத் தொடங்கினார். ஊர் சிரிக்கட்டும் என்றார். மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு பக்கமும் முடிந்தன. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமித்தேன். அனுப்பிவிட்டு, மகனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பயந்துகொண்டுதான் அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்தது: 'மாமா, அந்தக் குசினி வாசல் எனக்கு ஞாபகம் இருக்கு.'

முப்பத்தோராம் நாள் பந்தலுக்குள் கல்வெட்டைக் கொடுத்தார்கள். எல்லோரும் வழக்கம் போல முதலில் வம்ச விளக்கத்துக்குப் போய்த் தங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று தேடினார்கள். பிறகு ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். அது மெல்லப் பரவியது. உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ என்று ஒருவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டினார். கொண்டக்டரோடு பல காலம் பஸ் ஓட்டிய சாரதி கடைசி வரிசையில் இருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் வாசித்தார். நடுவில் புத்தகத்தை மூடி முகத்துக்கு விசிறுவது போலப் பிடித்துக்கொண்டார். அன்று வெயில் அவ்வளவு இல்லை. நான் 'அணையா விளக்கு' வந்த பக்கத்தை யாராவது வாசிக்கிறார்களா என்று பார்த்தேன். அதிபர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா மிஞ்சிய பிரதிகளில் நாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது உம்மட அடுக்குக்கு."

"அக்கா, அளவு சரியா நிக்குது. நாலும் வைச்சா திரை நெத்திக்கு மேலை போயிடும். அந்தப் பிள்ளை பேசுவாள்."

"அப்ப வேறை நாலு பேரை இறக்கும்."

"ஆரை இறக்கிறது?"

"அது உம்மட பாடு. மாமியைத் தொடாதையும். தாயும் மகனும் பக்கத்திலை இருக்கட்டும்."

கணினியை இறக்கிவைத்து இரண்டு தூண்களையும் பிரித்துப் பார்த்தேன். யாரை இறக்குவது என்று தீர்மானிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. என் ஒப்பாரிப் பாட்டு வந்த புத்தகங்களில் நாலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். அந்த ஆட்கள்மேல் குற்றமில்லை. கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை; குளிர்ந்த நாட்களில் பெருவிரல் நுனி பழையபடி பஞ்சாகும். ஆனால் அந்த அட்டைகளை எடுக்கும்போது ஓரங்கள் விரலில் பட்டது தெரிந்தது.

அக்கா நாலு புத்தகங்களையும் தானே அடுக்கினார், மாமிக்கு மேலே. நான் கணினியைத் தூக்கி வைத்தேன். மேல் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே நின்றது. ஒரு புத்தகம் மட்டும் தூணிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கொண்டக்டரின் பாதி முகம் தெரிந்தது. அக்கா குனிந்து, உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார்.

"உள்ளுக்குப் போங்கோ" என்றார்.